பெரியவங்க ரெண்டு பேர்

விமானிக்கு வாக்கப்பட்டா உலகம் சுத்தலாம்னு என்கிட்ட சொல்லாத ஆளே கிடையாது. நல்லா சுத்தினேன் போங்க. வீட்லேருந்து ஏர்போர்ட், ஏர்போர்ட்லேருந்து வீடு, நடுவுல காய்கறிக் கடை. அதுதான் நான் பார்த்த உலகம். அவரு மேகத்துக்கு மேல பறப்பாரு, நான் கீழ நின்னு அவரு சட்டைக்கு இஸ்திரி போடுவேன்.

எனக்கும் ஏர்போர்ட்லதான் வேலை. பின்பக்கம், சரக்குக் கிடங்கை ஒட்டி, ஜன்னல் இல்லாத ஒரு ரூம். எடை ஆபீஸ்னு சொல்லுவோம். விமானத்துல எத்தனை பேர் ஏறுறாங்க, எத்தனை பெட்டி, எவ்வளவு சரக்கு, எவ்வளவு எரிபொருள், எது எந்தப் பக்கம் இருக்கணும்னு கணக்குப் போட்டு ஒரு தாள் அனுப்புவோம். அதைப் பார்த்து கேப்டன் சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் கதவை மூடுவாங்க. எந்தக் கம்பெனி விமானம் வந்தாலும் கணக்கு எங்களோடதுதான். ஆளுங்களைத் தராசுல ஏத்தி நிறுத்தறதில்ல. பெரியவங்கன்னா இவ்வளவு, குழந்தைன்னா இவ்வளவுன்னு ஒரு அளவு இருக்கு. பன்னெண்டு வயசு முடிஞ்சா எங்க கணக்குல பெரியவங்க, அது குச்சி மாதிரி இருந்தாலும் சரிதான். எடைக்கு முகம் தெரியாதுடின்னு புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்ககிட்ட முதல் நாளே சொல்லிடுவேன். ஏதோ பெரிய தத்துவம் பேசறதா நினைப்பு எனக்கு.

அவரைப் பார்த்ததும் அப்படி ஒரு தாள்லதான். நான் போட்ட கணக்குல ஒரு சரக்குப் பெட்டி விட்டுப்போச்சு. மத்தவங்களா இருந்தா ஏர்போர்ட்டே அதிர்ற மாதிரி கத்தியிருப்பாங்க. இவரு அப்ப வெறும் துணை விமானி. தாளை எடுத்துக்கிட்டு வெயில்ல நடந்தே வந்து, இன்னொரு தடவை பார்த்துடுங்க மேடம்னு மெதுவா சொல்லிட்டு நின்னாரு. இந்த மனுஷன் எதையும் சரியா செய்வாரு, இவரை நம்பிக் கழுத்தை நீட்டலாம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட மாதிரிதான்.

எங்களுக்கு ஒரே மக. வீட்ல அவ பேரு வாயாடி. மூணு வயசுலயே அவ அப்பாவோட சேர்ந்து ஒரு கூத்து ஆரம்பிச்சுது. விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி ஒருத்தர் ஒவ்வொண்ணா வாசிப்பாரு, இன்னொருத்தர் பார்த்துட்டு பதில் சொல்லுவாரு. மனப்பாடமா தெரிஞ்சாலும் வாசிச்சுத்தான் ஆகணும். அதையே இவரு வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாரு. கடைக்குக் கிளம்பினாக்கூட வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு அப்பாவும் மகளும் நிப்பாங்க. கேஸ்? மூடியாச்சு. தண்ணிக் குழாய்? மூடியாச்சு. ஜன்னல்? சாத்தியாச்சு. சாவி? கையில இருக்கு. எல்லாரும் இருக்காங்களா? இருக்காங்க. இந்தக் கடைசி பதிலை மட்டும் வாயாடி தொண்டை கிழியக் கத்துவா. மாடி வீட்டுக்காரங்க, கேப்டன் குடும்பம் கிளம்பிருச்சுன்னு சொல்லிச் சிரிப்பாங்க.

அதெல்லாம் ஒரு காலம். இங்க அவரு வேலை பார்த்த கம்பெனி கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதையா ஆச்சு. முதல்ல விமானங்களைக் குறைச்சாங்க. அப்புறம் சம்பளம் தள்ளிப் போச்சு. அப்புறம் சம்பளம் எப்பன்னு கேக்கறதே மரியாதை இல்லைன்னு ஆயிருச்சு. கேப்டன்னு பேரு, தோள்ல நாலு பட்டை, வீட்டுக் கடனுக்கு எங்க அண்ணன்கிட்ட கை நீட்டினோம். அந்த நேரத்துல கடல் தாண்டி ஒரு கம்பெனி கூப்பிட்டுச்சு. இங்க வாங்கறதைப் போல மூணு மடங்கு, குடியிருக்க வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். போகாதீங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்? போங்கன்னு நானும்தான் சொன்னேன்.

ஒரு விஷயம் மட்டும் அவரு ரெண்டு நாள் யோசிச்சாரு. விமானிகளுக்கு வரிசைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு கம்பெனியை விட்டுப் போயிட்டா அந்த வரிசையில உங்க இடம் காத்துல போச்சு. திரும்பி வந்தா நேத்து சேர்ந்த பையனுக்குப் பின்னாடிதான் நிக்கணும், அதுவும் எடுத்துக்கிட்டாத்தான். போனா போனதுதான். குடும்பம் பின்னாடியே வந்துடும்ல, அப்புறம் திரும்பற பேச்சு எதுக்குன்னு அவரே சமாதானம் சொல்லிக்கிட்டாரு.

கிளம்பின அன்னைக்குக் காலைல வாசல்ல நின்னு வழக்கம் போல வாசிச்சாரு. வாயாடி முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னா. எல்லாரும் இருக்காங்களான்னு வந்தப்போ அவரை நிமிர்ந்து பார்த்து, நீங்கதான் போறீங்களேன்னு சொல்லிட்டு உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. டாக்சிக்காரன் ஹாரன் அடிச்சான்.

அதுக்கப்புறம் அப்பா போன்ல வந்தா அவளுக்கு ரெண்டே வார்த்தை. ம், சரி. வாயாடின்னு பேரு வெச்ச வாய் அது. அவரு பயிற்சி முடிஞ்சதும் வரேன்னாரு, கூட இருந்த விமானிக்கு உடம்பு சரியில்லாம இவரை ஓட்டச் சொல்லிட்டாங்க. அவளோட பன்னெண்டாவது பிறந்தநாளுக்கு வரேன்னாரு, அன்னைக்குன்னு பரீட்சை வெச்சாங்க. விமானிக்கு ஆயுசு பூரா பரீட்சைதான், அது உங்களுக்குத் தெரியாது. அடுத்த லீவுக்குப் புது ரக விமானம் வந்துருச்சு, அதை ஓட்டப் பழகணும்னு நிறுத்திட்டாங்க. ஒவ்வொரு தடவையும் காரணம் சரியான காரணம். எதையும் குத்தம் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சலா இருக்கும். ஒரு தடவையாவது குடிச்சுட்டுத் தூங்கிட்டேன்னு சொன்னா நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவரு அங்க வாழ்ந்த வாழ்க்கையும் சொல்லிக்கற மாதிரி இல்ல. வீடியோல காட்டுவாரு. பகல்ல தூங்கறதுக்காக ஜன்னல் முழுக்க சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி வெச்சிருப்பாரு. பாத்திரம் கழுவற தொட்டியில ஒரு தட்டு, ஒரு டம்ளர். திரைச்சீலைக் கம்பியில யூனிஃபார்ம் தொங்கும். ஒவ்வொரு தடவையும் பக்கத்து சீட்ல வேற ஆள், வேற தேசம். கீழ இறங்கினதும் கை குலுக்கிட்டுப் போயிடுவான், மறுபடி அவனைப் பார்க்கவே மாட்டோம்னு சொல்லுவாரு. சம்பளம் நேரத்துக்கு வந்துச்சு, கடன் அடைஞ்சுது. ஆள் பாதியா இளைச்சுட்டாரு. இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சும்மாவா சொன்னாங்க.

ஒரு நாள் எங்களுக்குன்னு கம்பெனி குடுத்த வீட்டுக்குக் குடி போயி, அதைக் காட்டினாரு. பெரிய வீடு, எதிரொலிக்குது. போனைத் திருப்பறப்போ வாசக் கதவுக்குப் பின்னாடி ஒரு தாள் ஒட்டியிருந்தது தெரிஞ்சுது. அவரு கையெழுத்துல, தமிழ்ல. கேஸ், குழாய், ஜன்னல், சாவின்னு. பாத்திரத்தைத் துடைச்சுக்கிட்டிருந்த வாயாடி பக்கத்துல வந்து உத்துப் பார்த்தா. யாருக்கு வாசிக்கறீங்கன்னு கேட்டா. மாசக்கணக்குல அவ அவருகிட்ட கேட்ட முதல் கேள்வி அதுதான். எனக்கேதான் வாசிச்சுக்கறேன், பதிலும் நானே சொல்லிக்குவேன்னாரு. கடைசி வரி என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா. அது வரைக்கும் வாசிக்கறதில்லம்மான்னு சொன்னாரு. அவ திரும்பப் போயி பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பிச்சா. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழட்டாம, எப்பம்மா போறோம்னு கேட்டா.

எனக்கு வந்த சந்தோஷத்துல கால் தரையில பாவல. பள்ளிக்கூடத்துல சான்றிதழ் வாங்கினேன். நாற்காலிக்கெல்லாம் பழைய போர்வை போட்டு மூடினேன். ஃப்ரிட்ஜைக் காலி பண்ணித் திறந்து வெச்சேன். ஆபீஸ்ல ராஜினாமா குடுத்தேன். மேனேஜர், இது மேசைக்குள்ளயே கிடக்கட்டும்மா, மாசக் கடைசியில மேல அனுப்பறேன்னாரு. என் நாற்காலியில என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணை உட்கார வெச்சுட்டு வந்தேன். ஊசி மாதிரி இருப்பா, அதனால ஆபீஸ்ல அவ பேரு அரை டன். கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

கம்பெனி எங்க ரெண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுக் குடுத்துச்சு. உறுதியான சீட்டு, யாரும் அசைக்க முடியாது. அங்கதான் எங்க வீட்டு மனுஷனுக்கு ஆசை வந்துச்சு. அதே வாரம் புதன்கிழமை அவரே விமானம் ஓட்டிக்கிட்டு இங்க வர்றாரு, மத்தியானமே திரும்பறாரு. எம் பொண்ணை நானே கூட்டிட்டுப் போகணும், மேல போனதும் மைக்ல அவ பேரைச் சொல்லணும்னு சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஆனா புதன்கிழமைன்னா ஊழியர் டிக்கெட்லதான் வரணும். ஸ்டாண்ட்பைன்னு சொல்லுவாங்க. இடம் இருந்தா ஏறலாம், இல்லாட்டி கிடையாது. ஏறி உட்கார்ந்தப்புறம்கூட இறக்கலாம்.

எங்க அண்ணன் கேட்டாரு, கையில உறுதியான டிக்கெட்டை வெச்சுக்கிட்டு இது எதுக்கும்மான்னு. விமானிக் குடும்பத்து வழக்கமெல்லாம் வெளியில புரியாது. கல்யாணம் ஆனதுலேருந்து நாங்க டிக்கெட் வாங்கினதே இல்ல. எப்பவாவது சொந்த ஊருக்குப் போனாலும் ஸ்டாண்ட்பைதான். எங்கயாவது ஒரு ஓரத்துல இடம் கிடைச்சுடும், அதுல ஒரு கெத்து வேற. புதன்கிழமை விமானத்துல நிறைய சீட்டு காலியா இருக்குன்னு அரை டன்னும் பார்த்துச் சொன்னா. அப்புறம் என்ன, சரின்னுட்டோம்.

புதன்கிழமை காலைல பெட்டியெல்லாம் வாசல்ல வெச்சதும் வாயாடி கதவுகிட்ட நிமிர்ந்து நின்னா. அம்மா, நான் வாசிக்கறேன், நீ பதில் சொல்லுன்னா. கேஸ்னா. மூடியாச்சுன்னேன். குழாய், ஜன்னல், சாவி எல்லாம் ஆச்சு. கடைசி வரிக்கு வந்ததும் லேசா சிரிச்சுக்கிட்டு, அதை அப்பாகிட்ட போயி சொல்லிக்கலாம்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பெட்டியைத் தூக்கற சாக்குல திரும்பிக்கிட்டேன்.

வெயில் அன்னைக்குக் கொளுத்துச்சு. தார் இளகி செருப்புல ஒட்டுது. ஓடுபாதையில ஒரு கோடியில வேலை நடந்துக்கிட்டிருந்ததால நீளம் குறைவு. காத்து சூடானா விமானத்துக்குத் தெம்பு குறையும், ஓடற தூரமும் குறைஞ்சா அவ்வளவு பாரம் தூக்க முடியாது. இதெல்லாம் எனக்குச் சோறு போட்ட படிப்பு. ஆனா அன்னைக்கு நான் வேலைக்கு வந்தவ இல்ல, பயணி. கடைசியிலேருந்து ரெண்டாவது வரிசையில சீட்டு குடுத்தாங்க. போயி உட்கார்ந்தோம். அவரு முன்னாடி அறையிலேருந்து வெளிய வந்து, நடைபாதை முழுக்க நடந்து எங்ககிட்ட வந்தாரு. மகளைப் பார்த்து வாங்க கோ-பைலட்னாரு. குனிஞ்சு அவ பெல்ட்டை அவரே மாட்டிவிட்டாரு. வளர்ந்துட்டடின்னாரு. அவ அவரு சட்டைக் கையை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிட்டிருந்தா. நான் நிம்மதியா மூச்சு விட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

அவரு திரும்பிப் போயி கொஞ்ச நேரம் ஆச்சு. கதவு மூடல. ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டிருந்தேன். வேலை முடிஞ்சு போயிட்ட எரிபொருள் வண்டி வளைஞ்சு திரும்பி வந்து இறக்கைக்குக் கீழ நின்னுச்சு. பக்கத்துல இருந்தவரு பேப்பரை வெச்சு விசிறிக்கிட்டு தூங்கிட்டாரு. போன வண்டி திரும்பி வருதுன்னா போற ஊர்ல வானிலை கெட்டிருக்கு. கூட எரிபொருள் ஏறுதுன்னா வேற ஏதோ இறங்கணும். மனசு தானாவே கணக்குப் போட ஆரம்பிச்சுருச்சு. சரக்கைத் தோண்டி எடுக்கலாம், ஆனா அதுக்கு மணிக்கணக்காகும், அதுக்குள்ள விமானிகளோட வேலை நேரம் முடிஞ்சு விமானமே போகாது. எங்க பெட்டி ரெண்டும் கடைசியா ஏத்தினது, கதவுக்குப் பக்கத்துலயே இருக்கும். எடுக்கறது சுலபம். ஆளையும் அப்படித்தான்.

அரை டன் கையில தாளோட படியேறி வந்தா. என்னைப் பார்க்காம முன்னாடி அறைக்குள்ள போனா. வெளிய வந்தப்பவும் என்னைப் பார்க்கல. அவளுக்குப் பின்னாலயே அவரு வந்தாரு. விமானப் பணிப்பெண்ணை அனுப்பியிருக்கலாம். அவரேதான் வந்தாரு. அதையும் சொல்லணும்ல.

"அங்க கடல்லேருந்து மூடுபனி ஏறுதாம். இறங்க முடியலைன்னா வேற ஊர்லதான் இறங்கணும், அது ரொம்ப தூரம். கூட எரிபொருள் எடுக்கறேன்"னாரு.

"எவ்வளவு குறைக்கணும்?"னு கேட்டேன். ஆபீஸ்ல கேக்கற குரலே வந்துச்சு எனக்கு.

"ரெண்டு பேர்."

வாயாடி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. "நாங்களாப்பா?"ன்னா.

"ஆமாம்மா. ஸ்டாண்ட்பை நீங்க ரெண்டு பேர்தான் இருக்கீங்க."

அழுவான்னு நினைச்சேன். அழல. அவரு மாட்டிவிட்ட பெல்ட்டை அவளே கழட்டினா. பையை எடுத்து மாட்டிக்கிட்டு, சரின்னு சொல்லிட்டு எனக்கு முன்னாடி நடந்தா. போன்ல ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருந்த அதே சரி. அத்தனை பேர் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவரு ஒதுங்கி நின்னு வழிவிட்டாரு. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல.

கீழ இறங்கினதும் அரை டன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டா. "கேப்டன்கிட்ட சொன்னேன்கா. சட்டப்படி இருக்க வேண்டிய எரிபொருள் ஏற்கெனவே இருக்கு, இது அதுக்கு மேல கேக்கறீங்க, கொஞ்சம் குறைச்சுக்கிட்டா அவங்க ரெண்டு பேரும் இருக்கலாம்னு சொன்னேன். அவரு தாளையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், வேண்டாம், இறக்கிடுங்கன்னாரு" அப்படின்னா. வாயைப் பொத்துடின்னு நான் சொல்றதுக்குள்ள எல்லாம் மக காதுல விழுந்துருச்சு. வாயாடி பெட்டி மேல உட்கார்ந்து, விமானம் திரும்பி ஓடுபாதைக்குப் போறதையே பார்த்துக்கிட்டிருந்தா. முழு நீளத்தையும் ஓடி, கடைசியிலதான் எழும்புச்சு. எனக்கு உசுரு போயி வந்துச்சு. ஏறினா போதும் சாமின்னு அந்த நேரத்துலயும் கும்பிட்டேன்.

சாயங்காலம் வீட்டைத் திறந்தா, போர்வை போட்ட நாற்காலியெல்லாம் பிணம் மாதிரி கிடந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல தண்ணிகூட இல்ல. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைங்கறது எவ்வளவு பொருத்தமான பேச்சுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கடையில ரொட்டியும் முட்டையும் வாங்கிட்டு வந்து அடுப்பைப் பத்த வெச்சேன். அவரு மேல ஆத்திரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அரை டன்னோட நாற்காலியில நான் இருந்தாலும் இதையேதான் பண்ணியிருப்பேன், அவரு நாற்காலியில இருந்தாலும் இதையேதான் பண்ணியிருப்பேன். விமானம் முழுக்க ஆளுங்க. அவங்களையும் யாராவது எங்கயாவது எதிர்பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. இதை யோசிக்க யோசிக்க ஆத்திரம் கூடத்தான் செஞ்சுது, கொட்ட இடம் இல்ல.

இறங்கினதும் போன் பண்ணினாரு. நான் எடுக்கறதுக்குள்ள வாயாடி எடுத்து ஸ்பீக்கர்ல போட்டா.

"பனி இருந்துச்சாப்பா?"

ஒரு பொய் சொல்லுய்யா, ஒரே ஒரு பொய்யி, ஆமாம்மா கண்ணு மண்ணு தெரியல, சுத்திச் சுத்தி வந்து இறங்கினேன்னு சொல்லேன்னு நான் அடுப்புகிட்ட நின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வேண்டிக்கிட்டேன். அவருக்குப் பொய் வராது. தாள்ல பெட்டி விட்டுப்போனதைக் கண்டுபிடிச்ச மனுஷனாச்சே.

"இல்லம்மா. கரையோட நின்னுருச்சு. நான் வந்தப்போ வானம் துடைச்ச மாதிரி இருந்துச்சு."

"அப்ப கூட எடுத்த எரிபொருள்?"

"அப்படியே இருக்கு."

"நாங்க இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். பனி வந்திருந்தா ஆனா..."

"தெரியும்பா. நீங்க செஞ்சது சரிதான். ஆனா நான் வரல"ன்னா.

போனை என் கையில குடுத்துட்டு முட்டையைத் தட்டுல போட்டுக்கிட்டு உட்கார்ந்தா. அவரு, உங்க வெள்ளிக்கிழமை டிக்கெட் அப்படியே இருக்கு, அது யாரும் இறக்க முடியாத சீட்டு, நீயாவது எடுத்துச் சொல்லுன்னாரு. குரல் உடைஞ்சுபோச்சு. நான் கடுகடுன்னு ஏதோ சொல்லிட்டு வெச்சுட்டேன். அப்புறம் மகளைத்தான் பிடிச்சேன். ஒரு நாள் கோவத்துக்காக ஒரு மனுஷனை அங்க தனியா விடுவியாடி, அவரு யாருக்காக அங்க கிடக்கறாரு, இங்க திரும்பி வந்தா அவருக்கு வரிசைன்னு ஒண்ணு இருக்கா, உனக்கு ஈவு இரக்கம் இல்லையான்னு வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவ சாப்பிட்டு முடிச்சுட்டுத் தட்டைத் தள்ளி வெச்சா.

"கோவம் இல்லம்மா. அப்பாகிட்ட எப்பவும் ஒரு சரியான காரணம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கறது நாமதான். அங்க போனாலும் ஸ்டாண்ட்பைதான். எனக்கு இங்க உறுதியா ஒரு இடம் இருக்கு."

தனியாப் போகலாம்னா அவளை யார்கிட்ட விடறது? அவரை வரச் சொல்லலாம்னா எந்த வேலைக்கு? ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நின்னேன். வியாழக்கிழமை பூரா அவரு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. அவ எடுத்துப் பேசினா, மரியாதையாத்தான் பேசினா. சாப்பிட்டீங்களான்னுகூடக் கேட்டா. வரலைங்கறதை மட்டும் மாத்திக்கல. நான் பள்ளிக்கூடத்துல சான்றிதழைத் திருப்பிக் குடுத்துட்டு, மேனேஜரைப் பார்க்கப் போனேன். அவரு மேசையிலேருந்து என் ராஜினாமாவை எடுத்து, கிழிச்சுக் குப்பைத் தொட்டியில போட்டாரு.

வெள்ளிக்கிழமை காலைல வாயாடி பள்ளிக்கூடத்துக்கும் நான் வேலைக்கும் ஒண்ணாக் கிளம்பினோம். வாசல்ல அவதான் வாசிச்சா. கேஸ்? மூடியாச்சு. குழாய்? மூடியாச்சு. ஜன்னல்? சாத்தியாச்சு. சாவி? கையில இருக்கு. அதோட நிறுத்திட்டுப் படியிறங்கிட்டா. நான் கதவைப் பூட்டினேன்.

ஆபீஸ்ல என் நாற்காலியை அரை டன் எனக்கு விட்டுட்டா. மத்தியானம் நாங்க போயிருக்க வேண்டிய விமானத்தோட கணக்கு என் மேசைக்கே வந்துச்சு. வேணும்னா அதை நான் போட்டுடறேன்கான்னா. எடைக்கு முகம் தெரியாதுடி, நான் பார்த்துக்கறேன்னேன். திறந்து பார்த்தா, பயணிங்க பட்டியல்ல எங்க பேரு ரெண்டும் இருக்கு, சீட்டு நம்பரோட. அவரு அங்கேருந்தே எங்களுக்கு இடம் பதிஞ்சு வெச்சிருக்காரு, ஜன்னல் ஓரமாப் பார்த்து. கடைசி நேரத்துல மனசு மாறி ஓடி வந்துடுவோம்னு ஒரு நப்பாசை. பாவி மனுஷன்.

பதிஞ்சவங்க வரலைன்னா கூப்பிட்டுப் பார்க்காம விட மாட்டாங்க. ஒலிபெருக்கியில முதல்ல என் பேரு, அப்புறம் என் மக பேரு. தயவுசெஞ்சு உடனே விமானம் ஏறும் வாசலுக்கு வரவும். எங்க ரூமுக்கு ஜன்னல் கிடையாது, ஆனா அந்தச் சத்தம் நல்லாக் கேக்கும். அரை டன் எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டா. ரெண்டாவது தடவை கூப்பிட்டாங்க. இந்நேரம் வாயாடி கணக்குப் பாடத்துல உட்கார்ந்திருப்பா. மூணாவது தடவை, இதுதான் கடைசி அழைப்புன்னு சொல்லி, எங்க பேரைத் தப்பில்லாம அழகா உச்சரிச்சுக் கூப்பிட்டாங்க. நான் எழுந்திருக்கல.

அப்புறம் போன் வந்துச்சு. அக்கா, வராதவங்க ரெண்டு பேர், கதவை மூடறோம், குறைச்சுடுங்கன்னு வாசல்ல இருந்த பொண்ணு சொன்னா. யாருன்னு அவளுக்குத் தெரியாது, புதுப் பொண்ணு. பெரியவங்களா, குழந்தையான்னு கேட்டேன். வயசைப் பார்த்துட்டு, ரெண்டும் பெரியவங்கதான்கான்னா. பெரியவங்க ரெண்டு பேர்னு கழிச்சு, கூட்டிப் பார்த்து, தாளை விமானத்துக்கு அனுப்பினேன்.